வெள்ளரி என்று ஒரே ஒரு செடி இல்லை

(மாடித்தோட்டக்காரர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செடிக்குத் தண்ணீர் விடுகிற நேரத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரிடமாவது குழாயைக் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நம்பிப் பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் மாடியில் முதன்முதலாக வெள்ளரி போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விதைக்கடையில் பொட்டலம் வாங்கினேன். மேலே 'வெள்ளரி' என்று மட்டும் அச்சடித்திருந்தது. படத்தில் பச்சையாக, நீளமாக ஒரு காய். முளைத்தது, கொடி ஓடியது, பூத்தது. காயும் பிடித்தது, ஆனால் எலுமிச்சம்பழம் போல உருண்டையாக. சரி, போகப்போக நீளும் என்று காத்திருந்தேன். அது நீளவில்லை. கோடு கோடாக மஞ்சள் ஏறி, தேங்காய் அளவுக்குத் திரண்டு நின்றது. நறுக்கி உப்பு, மிளகுத்தூள் போட்டுக் கடித்தால் புளிப்பு. எதிர்வீட்டில் நெல்லூர்க்கார அம்மா ஒருவர் இருந்தார். மதில் வழியாக எட்டிப் பார்த்தவர், "அது தோசைக்காய் சார், பருப்புல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தோசைக்காய்ப் பருப்பு. அருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் வளர்க்க நினைத்தது அதை இல்லையே.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அப்போது கோபப்பட்டேன். படம் தவறு, அது உண்மை. பெயர் தவறு என்று சொல்ல முடியாது. தமிழில் வெள்ளரி என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு தனித்தனிச் செடியினங்கள் குடியிருக்கின்றன. இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இந்த ஒரு விஷயம்தான்.

முதல் இனம் குகுமிஸ் சடைவஸ். சாலட்டுக்கு நறுக்குகிற காய், கண்ணாடிக் குடுவையில் வினிகரில் ஊறுகிற கெர்க்கின், குளிர்பதனக் கடையில் நெகிழித்தாளில் சுற்றி விற்கிற நீளக் காய் எல்லாம் இதுதான். இரண்டாவது குகுமிஸ் மெலோ. முலாம்பழத்தின் இனம். தோசைக்காய், சென்னைக் காய்கறிக் கடைகளில் சாம்பார் வெள்ளரி என்று விற்கிற காய், மலையாளிகள் விஷுக்கனித் தட்டில் வைக்கிற பொன்னிறக் கனிவெள்ளரி, கோடையில் வெடித்துப் பிளந்து மாவு போல உதிர்கிற வெள்ளரிப்பழம், வட இந்தியாவில் யமுனைப் படுகை மணலில் விளைகிற, விரல் போல வளைந்த ககடி, இவை அத்தனையும் மெலோ. பெயரை நம்பிப் பிரிக்க முடியாது. கக்கரி என்று ஒரு சொல் இருக்கிறதே, அது ஓர் ஊரில் ஒரு காயையும் பக்கத்து ஊரில் இன்னொன்றையும் குறிக்கும்.

சடைவஸுக்கு 14 குரோமோசோம். மெலோவுக்கு 24. ஆகவே இரண்டும் ஒரே பந்தலில் படர்ந்தாலும், ஒரே தேனீ இரண்டிலும் உட்கார்ந்தாலும், கலப்பு நடக்காது. "பக்கத்தில் முலாம்பழம் போட்டேன், அதனால்தான் வெள்ளரி சப்பென்று ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தை நம்ப முடியாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? பிஞ்சைத் தடவிப் பாருங்கள். சடைவஸ் பிஞ்சில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு முள் இருக்கும், கையில் குத்தும். மெலோ பிஞ்சில் பூனைக்குட்டி முதுகு மாதிரி மென்மையான சுணை. அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள இலை உதவும். சடைவஸ் இலைக்கு முனைகள் கூர்மை, மெலோ இலை வட்டத்துக்கு நெருங்கி வரும். விதையை வைத்துச் சொல்வது கடினம். நானே இன்னும் ஏமாறுகிறேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. மிருத்யுஞ்சய மந்திரத்தில் உர்வாருகம் என்று ஒரு கனி வருகிறது. காம்பிலிருந்து தானே விடுபடுகிற வெள்ளரியைப் போல மரணத்திலிருந்து விடுபட வேண்டும் என்று பொருள் சொல்வார்கள். தோட்டக்காரனாக எனக்கு நெடுநாள் ஒரு சந்தேகம். சாலட் வெள்ளரி எவ்வளவு பழுத்தாலும் காம்பை விடுவதில்லை, கத்தி வேண்டும். முலாம்பழ இனத்தில்தான் பல வகைகள் பழுத்த அன்று காம்பருகே விரிசல் விட்டு, தொட்டால் கையோடு வந்துவிடும். எனவே அந்த உவமையில் இருப்பது நம் வெள்ளரிப்பழம் மாதிரி ஒரு மெலோவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். சமஸ்கிருதம் படித்தவர்கள் இருந்தால் பிறகு திருத்துங்கள்.

இப்போது ரகத் தேர்வுக்கு வருவோம். கூட்டங்களில் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "எந்த ரகம் சார் நல்லது?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். எந்தப் பருவத்தில் பறிக்கப் போகிறீர்கள்? பிஞ்சா, காயா, பழமா? வெண்டை, கத்தரிக்கு இந்தக் கேள்வி தேவைப்படாது. வெள்ளரியில் மட்டும், பறிக்கிற நாளைத் தீர்மானித்தால் ரகம் பாதி தீர்மானமாகிவிடும்.

பிஞ்சை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிற்கிற ஊர்களில் ஜன்னலுக்குக் கீழே தட்டோடு வந்து நிற்பார்கள். விரல் நீளப் பிஞ்சு, உப்பும் மிளகாய்த்தூளும். அந்த ருசிதான் வேண்டும் என்றால் பெரிய கம்பெனி வீரிய விதை தேவையில்லை. உங்கள் பக்கத்து நாட்டு வெள்ளரி போதும். சடைவஸாக இருந்தாலும் மெலோவாக இருந்தாலும் பிஞ்சில் இரண்டும் இனிக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: தினமும் காலையில் மாடிக்கு ஏற வேண்டும். பூ வாடி மூன்று, நான்கு நாளில் பிஞ்சு பதம். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது முழங்கை அளவாகியிருக்கும். ஒரே ஒரு காயை முற்றவிட்டாலும் கொடி அதிலிருக்கும் விதையை வளர்ப்பதிலேயே கவனமாகி, புதுப் பிஞ்சுகளை வெம்ப விட்டுவிடும். அவசரக்காரர்களுக்கும் அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கும் பிஞ்சு ரகம் ஆகாது.

கெர்க்கின் இதே கதையின் கண்டிப்பான வடிவம். இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஒப்பந்தச் சாகுபடியாகத் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. இன்று உலகச் சந்தைக்குக் கெர்க்கின் அனுப்புவதில் இந்தியா முன்னணியில் இருக்கிறது, ஆனால் நாம் அதைச் சாப்பிடுவதே இல்லை. அங்கே காயை எடையோடு எண்ணிக்கை பார்த்துத் தரம் பிரிப்பார்கள்: கிலோவுக்கு 160க்கு மேல் நிற்கிற பொடிப் பிஞ்சுக்குத் தனி விலை. ஒரு நாள் தாமதித்துப் பறித்தால் அதே காய் கீழ்த் தரத்துக்கு இறங்கிவிடும். மாடியில் இதைப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம். நாலு பிஞ்சுக்கு மேல் ஒரு நாளில் கிடைக்காது. குடுவை நிரம்ப இருபது கொடி வேண்டும். நான் ஒரு வருடம் முயன்று, ஒரு குடுவை போட்டு, வீட்டில் யாரும் தொடாமல், விட்டுவிட்டேன்.

சாலட் காய்க்குத்தான் உண்மையில் தேர்வு நிறைய. பழைய பெயர்கள் இன்னும் கடையில் கிடைக்கின்றன. ஜப்பானீஸ் லாங் கிரீன் என்று ஒன்று; நீளம் ஓர் அடியைத் தாண்டும், சுமார் 45 நாளில் முதல் பறிப்பு. ஸ்ட்ரெய்ட் எயிட் என்று இன்னொன்று. பெயரிலேயே குணம் இருக்கிறது, எட்டு அங்குலம், நேர் காய். அமெரிக்காவில் 1935இல் புது ரகங்களுக்கான பரிசு பெற்றது. தொண்ணூறு வருடமாக விற்கிறது. நல்ல ருசி. ஆனால் அதன் காலத்தில் நோய் எதிர்ப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்கவில்லை. ஈரம் கூடினால் இலை அடியில் சாம்பல் படர்ந்து, மேலே மஞ்சள் கட்டம் கட்டமாகக் காய்ந்து, இரண்டு வாரத்தில் கொடி முடிந்துவிடும். பாயின்செட் அப்படியில்லை. அமெரிக்கத் தென்கரோலினாவில், நம்மைப் போலவே புழுக்கமான ஊரில், 1960களில் உருவானது. அடிச்சாம்பல், மேல்சாம்பல் இரண்டையும் ஓரளவு தாங்கும் தன்மையைப் புகுத்தியே அதைப் பிரித்தெடுத்தார்கள். தோல் கரும்பச்சை, கொஞ்சம் தடிமன். கடற்கரை ஊர்களில், ஆடி ஆவணி மழைக்கு விதைக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பாயின்செட். மாசியில் விதைத்துச் சித்திரையில் பறிக்கிறவர்கள் ஜப்பானீஸ் லாங் கிரீனோ நாட்டு ரகமோ வைத்துக்கொள்ளலாம்; காய்ந்த காற்றில் அடிச்சாம்பல் அவ்வளவு வராது, சீக்கிரம் காய்ப்பதுதான் லாபம்.

பூசா சன்யோக் என்று ஒரு பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இமாச்சலத்தில் குலு பக்கம் கட்ராயினில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில், பெண்பூ மட்டுமே பூக்கிற ஜப்பானியச் செடியை இத்தாலிய ரகமொன்றோடு கலந்து எடுத்த வீரிய ரகம். அது குளிர்ந்த ஊர்க் குழந்தை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் முயலலாம், வேலூர்க்காரர்கள் வேண்டாம்.

பெண்பூ என்றேன். அங்கேதான் மாடித்தோட்டத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது. தொலைபேசியில் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இதுதான்: "சார், நிறைய பூக்குது, ஒரு காய் இல்லை." சாதாரண வெள்ளரியில் முதல் பத்து, பதினைந்து நாள் வருவது எல்லாம் ஆண்பூ. பெண்பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண்பூவுக்குக் காம்பு மட்டும். வெயில் ஏற ஏற, பகல் நீள நீள, ஆண்பூ கூடும்; குளிர்ந்த, குறுகிய பகலில் பெண்பூ கூடும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் பூக்கும்படி விதைத்துவிட்டு உரத்தைத் திட்டுவதில் பயனில்லை.

சரி, பெண்பூ வந்துவிட்டது. அது ஒரே ஒரு நாள் விரியும், அதிலும் காலைதான் முக்கியம். அந்த நேரத்தில் தேனீ வர வேண்டும், ஒரு முறை வந்தால் போதாது, பலமுறை. போதிய மகரந்தம் விழாத பூவில் காய் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் விதை கட்டி, காய் அரிவாள் போல வளையும், அல்லது நுனி சுருங்கிப் புட்டி மாதிரி ஆகும். வளைந்த காயைப் பார்த்துப் பலர் வியாதி என்று மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்து மிச்சமிருந்த தேனீயையும் விரட்டுகிறது.

இப்போது உங்கள் மாடி எத்தனையாவது மாடி என்று யோசியுங்கள். ஓட்டு வீட்டுக் கொல்லையிலோ, முருங்கையும் துளசியும் பூத்திருக்கும் முதல் மாடியிலோ கொசுத்தேனீ தானாக வரும். எந்த ரகமும் காய்க்கும். எட்டாவது மாடி பால்கனி, சுற்றிலும் கண்ணாடி, பக்கத்தில் வேறு செடி கிடையாது என்றால் தேனீயை எதிர்பார்க்க முடியாது. இரண்டு வழி. ஒன்று, காலையில் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் நீங்களே தடவிவிடுவது. எனக்கு இது பிடித்த வேலை. காபிக்கு முன்னால் ஐந்து நிமிடம். இரண்டாவது, மகரந்தமே இல்லாமல் காய்க்கிற ரகம் வாங்குவது. பசுமைக்குடிலில் வளர்க்கிற நீளக் காய்கள் இந்த வகை. மெல்லிய தோலுள்ள குட்டி வெள்ளரிகளிலும் இப்போது இப்படிக் காய்ப்பவை நிறைய வந்துவிட்டன. துபாய், ஷார்ஜாவில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குட்டிக் காய் நன்றாகத் தெரியும். இஸ்ரேலில் பெய்ட் ஆல்ஃபா என்ற கூட்டுப்பண்ணையில் பிறந்த வகை அது. அந்தப் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். தோல் சீவ வேண்டாம், விதை தட்டுப்படாது.

இதில் ஒரு வேடிக்கை. மகரந்தம் தேவையில்லாத அந்த நீளக் காய்ச் செடியைத் தேனீ வருகிற மாடியில், பக்கத்தில் நாட்டு வெள்ளரியோடு வைத்தீர்கள் என்றால், தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டுவிடும். காய்க்குள் விதை கட்டி, நுனி உப்பி, விகாரமாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய குணம் போயிற்று. அந்த விதை ஒன்றுக்கே பல ரூபாய் ஆகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கொல்லையும் தேனீயும் உள்ளவர்களுக்கு இந்த ரகம் வீண் செலவு என்பது என் கருத்து. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கசப்பைப் பற்றிப் பேசாமல் இறங்க விட மாட்டீர்கள். வெள்ளரியின் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தில் இன்னும் இருக்கிறது, ஹார்ட்விக்கி என்று பெயர். கோழி முட்டையை விடச் சிறிய காய், வாயில் வைக்க முடியாத கசப்பு. குகுர்பிடாசின் என்ற பொருள்தான் காரணம். மனிதர்கள் பல தலைமுறையாக இனிப்பானதைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்துக் காயிலிருந்து கசப்பை இறக்கினார்கள். இலையில் அது இன்னமும் இருக்கிறது, மென்று பாருங்கள். இலைக் கசப்புக்கு ஒரு மரபணு விசை, காய்க் கசப்புக்கு இன்னொரு விசை என்று சீன ஆய்வாளர்கள் 2014இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். அதனால்தான் இலை கசந்தும் காய் இனிக்கிற செடி சாத்தியமாகிறது. தண்ணீர் தவறி, வெயில் சுட்டால் அந்தக் காய் விசை கொஞ்சம் திறந்துகொள்ளும். கசப்பு காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் சேரும். பாட்டிமார்கள் காம்புத் துண்டை வெட்டி நுரை வரத் தேய்ப்பார்கள் அல்லவா, பலன் தந்தது தேய்த்தது இல்லை, வெட்டியதுதான். ஆனாலும் நான் இன்றுவரை தேய்க்கிறேன். கை சும்மா இருக்காது.

பாகற்காய் பக்கத்தில் இருந்ததால் கசந்தது என்பது கட்டுக்கதை. பாகலும் வெள்ளரியும் கலக்கவே கலக்காது. இலை, காய், தண்டு எங்குமே கசப்பில்லாத ரகங்களும் உண்டு. பசுமைக்குடில் ரகங்கள் பலவும் அப்படி. அதிலும் கணக்கு நேராக இல்லை. கசப்பு இருக்கிற இலையைத் தின்னும் வண்டுகளுக்கு அது விருந்து. செஞ்சிலந்திப் பேனுக்கோ அது தடை. கசப்பை முழுக்க எடுத்துவிட்டால் வண்டு குறைந்து பேன் கூடும். சூடான மொட்டைமாடியில் பேன்தான் பெரிய எதிரி. அதனால் நான் இலை கசக்கிற ரகத்தையே வைத்துக்கொண்டு, இரு வேளை தண்ணீரும் மத்தியானம் நிழல்வலையும் கொடுக்கிறேன்.

சமையலுக்கு என்றால் மறுயோசனை இல்லாமல் சாம்பார் வெள்ளரி. கேரள வேளாண் பல்கலைக்கழகம் முடிக்கோடு, சௌபாக்யா என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. சௌபாக்யா சின்னக் காய், மூன்று பேர் வீட்டுக்கு ஒரு வேளைக்குச் சரி. இதன் பெரிய குணம், பழுத்த பிறகு பறித்துப் பரணில் போட்டால் இரண்டு மாதம் கெடாது. அடிக்கடி ஊருக்குப் போகிறவர் என்று முன்பு சொன்னேனே, அவருக்கு ஏற்ற வெள்ளரி இதுதான். வெள்ளரிப்பழம் மட்டும் மாடிக்கு வேண்டாம் என்பேன். தரையில் படர்ந்து, வெடிக்கிற அன்றே நாட்டுச் சர்க்கரையோடு தின்ன வேண்டிய பழம், அதற்கு மண்தரையும் ஒரு கூட்டுக் குடும்பமும் வேண்டும்.

கடைசியாக விதை. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை மறுவருடம் தாயைப் போல இருக்காது. பாயின்செட், ஜப்பானீஸ், நாட்டு ரகங்களில் எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: பக்கத்து வீட்டில் வேறு சடைவஸ் இருந்தால் தேனீ கலந்துவிடும். நாளை விரியப் போகிற பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் மாலையே நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் வைத்து, மறுபடி கட்டி, காம்பில் ஒரு சிவப்புத் துணி. அந்தக் காய் மஞ்சளாகி, மெத்தென்று ஆகும்வரை தொடாதீர்கள். விதையை வழித்துச் சதையோடு ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் புளிக்க வைத்தால் வழவழப்பு கழன்று நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைத்தால் நாலைந்து வருடம் முளைக்கும். விதைக்கென்று விட்ட கொடியில் சாப்பாட்டுக்குக் காய் எதிர்பார்க்காதீர்கள். அதற்குத் தனிப் பை வையுங்கள். பை என்றால் ஓர் அடிக்குக் குறையாத ஆழம், இரண்டு கொடிக்கு மேல் வேண்டாம்.

வாசல் பக்கம் மேசையில் மூன்று வகை விதை மடித்து வைத்திருக்கிறேன், எல்லாம் என் மாடியில் எடுத்தது. வெள்ளைக் காகிதம் பாயின்செட். செய்தித்தாளில் மடித்தது பிஞ்சுக்கான நாட்டு வெள்ளரி. மஞ்சள் காகிதத்தில் இருப்பது சாம்பார் வெள்ளரி. மேலே பெரிய எழுத்தில் தோசைக்காய் என்றும் எழுதியிருக்கிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.